ஆடாதவர்களின் பெஞ்சு

லேடி பிராம்லி அதைக் காலை விருந்து என்றுதான் சொல்வாள். தொடங்குவது என்னவோ பிற்பகல் மூன்று மணிக்கு. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதுதான் எழுந்து முகம் கழுவியிருப்பார்கள் என்பதால் அந்தப் பெயரிலும் ஒரு நியாயம் இருந்தது. ரிச்மண்டில் ஆற்றை ஒட்டி அவளுடைய வீடு. தண்ணீர் வரைக்கும் இறங்கும் புல்வெளியில் பெரிய கூடாரம் போட்டு, பலகை அடித்துத் தரை அமைத்து, தரையில் சுண்ணக்கட்டியால் பூக்கோலம் போல வரைந்திருப்பார்கள். முதல் ஆட்டம் முடிவதற்குள் அந்தப் பூவெல்லாம் பெண்களின் பாவாடை ஓரத்துக்கு ஏறிவிடும்.

என் பாவாடைக்கு அந்த ஆபத்து இல்லை. நான் அகஸ்டா, சர் ரோலண்ட் ஃபென்விக்கின் விதவை. ரோலண்ட் நல்ல மனிதர், குதிரைகளை மட்டும் அளவுக்கு மீறி நம்பினார். அவர் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு முப்பத்திரண்டு வயது, சாம்பல் நிறப் பட்டு, தலையில் லேஸ் குல்லா. கல்யாணச் சந்தைக்கு வந்திருக்கும் தங்கை ஹெஸ்டருக்குக் காவலாகக் கூடாரத்தின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. அந்த பெஞ்சில் உட்கார்ந்தவளை யாரும் பார்ப்பதில்லை. அதனால் உட்கார்ந்தவள் எல்லாரையும் நன்றாகப் பார்க்கலாம். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். ஆகவே பொழுது போவதில் கஷ்டம் இருந்ததில்லை.

ஹெஸ்டருக்குப் பத்தொன்பது. ஏப்ரலில் அரண்மனைக்குப் போய், தலையில் தீக்கோழி இறகும் இடுப்பில் பீப்பாய் வளையம் போட்ட பாவாடையுமாக மகாராணிக்கு முன்னால் குனிந்து, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து, விழாமல் வெளியே வந்தாள். வந்ததும் இறகு மூக்கில் பட்டுத் தும்மினாள். வாசலைத் தாண்டித்தான் தும்மினாள் என்று அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேடி டன்ஸ்டன் என்றால் லண்டனில் மூன்று மகன்களைப் பெற்ற தாய்மார்கள்கூடக் கொஞ்சம் நடுங்குவார்கள். அப்பா ஊரில் நாய்களோடு நிம்மதியாக இருந்தார். அம்மா இங்கே வேட்டையில் இருந்தாள். அவள் குறிவைத்திருந்தது வின்டர்போர்ன் பிரபுவை.

வின்டர்போர்ன் பிரபுவுக்கு நாற்பது வயது. மனைவி போய்ப் பல வருஷம். அகலமான மனிதர். வயலுக்கு அந்தக் கோடியில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல். டர்னிப் கிழங்கைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது, தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதும் கிடையாது. ஏப்ரலிலிருந்து நாங்கள் போன விருந்து ஒன்று பாக்கியில்லாமல் அவரும் வந்தார். ஹெஸ்டரோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடுவார். பிறகு எங்கள் பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டுக் குளம்பில் வரும் நோயைப் பற்றிப் பேசுவார். நான் கிண்டல் செய்வேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் தொடை தட்டிச் சிரிப்பார், பெஞ்சே ஆடும்.

“கெட்டிக்காரர்டி. தங்கச்சி வேணும்னா முதல்ல அக்காவைக் கைக்குள்ள போட்டுக்கணும்னு தெரிஞ்சிருக்கு” என்றாள் அம்மா. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. வேறு எதற்காக ஒரு மனிதர் சாம்பல் நிறப் பட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்வார்?

அன்று ரிச்மண்டுக்குப் போகும் வழியில் வண்டியில் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இன்னிக்கு அவர் கேட்டுடுவார். நேத்து பார்க்குல பார்த்தப்ப என்ன கேட்டார் தெரியுமா? நாளைக்குக் குடும்பம் முழுக்க வருதான்னு கேட்டார். முழுக்க வருதான்னு. எதுக்குக் கேப்பார்? சொல்லு.”

“வண்டில இடம் இருக்கான்னு பார்க்கவோ என்னவோ” என்றேன்.

“நீ வாயை மூடு அகஸ்டா. ஹெஸ்டர், அவர் ஆடக் கூப்பிட்டதும் சிரிச்ச முகமா எழுந்திரு. கேட்டா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லாத. யோசிக்க ஒண்ணும் இல்ல. நான் யோசிச்சாச்சு.”

ஹெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மனத்தில் இருந்தது வேறு ஆள்.

அவன் பெயர் ஜாஸ்பர் லைல். ஒரு பிரபு வீட்டின் கடைசி மகன், பட்டமும் சொத்தும் மூத்தவனுக்குத்தான். உயரமாக, மெலிந்து, எப்போதும் எதிலாவது இடித்துக்கொண்டு இருப்பான். மார்ச்சில் ஒரு விருந்தில் ஒரு ஜெனரலின் மனைவியுடைய பாவாடை வாலை மிதித்துவிட்டான். அவள் சாய்ந்தது வயலின்காரர்மீது. அவர் சாய்ந்தது பழரசக் கிண்ணத்தின்மீது. அன்றிலிருந்து அவன் ஆடுவதே இல்லை. எங்கே போனாலும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று ஹெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளும் ஆடிக்கொண்டே தூணைப் பார்ப்பாள். இரண்டு பேரும் பார்க்கிலும் சர்ச் வாசலிலுமாக எங்கள் காதுபடப் பேசியது மொத்தமும் வெயில், மழை, தேவாலய மணி. ஆனாலும் அந்த மழையைப் பற்றிப் பேசிய அன்று வீட்டுக்கு வந்த ஹெஸ்டர் இரவு உணவில் சூப்புக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

அவன் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் பட்லர் ‘யாரும் இல்லை’ என்று சொல்லிவிடுவான், மாடியில் பியானோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே. எங்கள் உலகத்தில் ஒரு பெண்ணும் ஆணும் மூன்றாவது காது இல்லாமல் பேச ஒரே இடம்தான் இருந்தது. அது நூறு பேர் பார்க்க ஆடும் ஆட்டம். அதையும் ஜாஸ்பர் தன் காலாலேயே கெடுத்துக்கொண்டான்.

கூடாரத்துக்குள் நுழைந்ததும் ஹெஸ்டர் எல்லாத் தூணையும் ஒருமுறை பார்த்தாள். அவன் வந்திருக்கவில்லை. அம்மா லேடி பிராம்லியைக் கட்டித் தழுவிவிட்டு ஐஸ்கிரீம் மேஜைப் பக்கம் போனாள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“அக்கா, அதோ வர்றார்.”

“யாரு?”

“டர்னிப்.”

“மெதுவாப் பேசு. அவருக்குக் குரல் பெரிசு, காதும் பெரிசா இருந்தா என்ன பண்ணுவ?”

“நான் மாட்டேன்னு சொல்லப் போறேன்க்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்தது இல்லை, அதனால்தான் அதை யாரும் மீற முடியாது. ஒரு பெண் ஒருவரோடு ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்த விருந்து முடியும்வரை வேறு யாரோடும் ஆடக் கூடாது. ஆடினால், முதலில் கேட்டவரை எல்லார் முன்னிலையிலும் கன்னத்தில் அறைந்த மாதிரி. அதற்குப் பிறகு அவளை நல்ல வீடுகளில் கூப்பிட மாட்டார்கள்.

“மாட்டேன்னா சாயங்காலம் முழுக்க இந்த பெஞ்சுதான். தெரியுமில்ல?”

“தெரியும். அதுக்குத்தான் சொல்லப் போறேன்.” ஹெஸ்டர் விசிறிக்குப் பின்னால் சிரித்தாள். “நான் ஆடினா ஆளாளுக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க. ஜாஸ்பர் தூணைப் பிடிச்சுட்டு நிப்பார். நான் ஆடலேன்னா? இங்கேயே உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து இதோ, இந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல நிப்பார். ஆடாத பொண்ணுகிட்ட வந்து பேசக் கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்லக்கா. நான் நல்லா யோசிச்சுட்டேன். தண்டனைன்னு வச்சிருக்காங்க பாரு, அதுதான் எனக்கு வேணும்.”

எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. பிரபு வந்துவிட்டதால் கட்டிக்கொள்ளவில்லை.

“மிஸ் ஹெஸ்டர், இந்த ஆட்டத்தை என்னோட ஆடறீங்களா?”

“மன்னிக்கணும் பிரபு. நான் இன்னிக்கு ஆடறதா இல்ல.”

பக்கத்தில் பணியாளுக்கு எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த லேடி பிராம்லியின் கை அப்படியே நின்றது. வின்டர்போர்ன் பிரபு கோபப்படவும் இல்லை, முகம் சிறுக்கவும் இல்லை. தலை வணங்கிவிட்டு, “அப்போ நானும் ஆடல” என்று எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். பெஞ்சு ஒரு முனகு முனகியது.

“லேடி ஃபென்விக், இதைச் சாப்பிடுங்க.”

கையில் ஒரு தட்டு ஸ்ட்ராபெரி வைத்திருந்தார். பாலாடை ஊற்றாத ஸ்ட்ராபெரி. எனக்குப் பாலாடை வாசனையே ஆகாது. ஏதோ ஒரு விருந்தில் எப்போதோ சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. நன்றி சொல்லி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

“உங்க டர்னிப்பெல்லாம் எப்படி இருக்கு பிரபு? பெத்த அப்பா மாதிரி நீங்க ஊர்ல இல்லாம ஏங்கிப் போயிருக்குமே?”

“மழை நல்லா இருக்கு. வடக்கு வயல்ல இந்தத் தடவை...” என்று ஆரம்பித்தார். அந்த ஆட்டம் முழுவதும் வடக்கு வயலிலேயே இருந்தோம். நடுவில் தெற்கு வயலுக்கு ஒருமுறை போய்வந்தோம். ஹெஸ்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி அம்மாவுக்கு எட்ட அதிக நேரம் ஆகவில்லை. முகத்தில் ஈயாடாமல் வந்தாள். பிரபு இருந்ததால் எதுவும் பேச முடியாமல் ஹெஸ்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு அவள் கையைக் கிள்ளினாள். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பாவம் ஹெஸ்டர், எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

அப்போதுதான் ஜாஸ்பர் லைல் வந்தான்.

வந்தவன் தூணுக்குப் போகவில்லை. நேராக எங்களை நோக்கி வந்தான். காலில் புதிய ஆட்டக் காலணி, பளபளவென்று. நடக்கும்போதே உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஹெஸ்டரை மட்டும் பார்த்துச் சொன்னான்.

“மிஸ் ஹெஸ்டர், அடுத்த ஆட்டம் என்னோட ஆடுவீங்களா? நான் கத்துக்கிட்டேன். ஒரு மாசமா தினம் போய் ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட கத்துக்கிட்டேன். அவர் ரெண்டு தடவை அழுதார். ஆனா இப்போ பரவாயில்லன்னு சொல்றார்.”

ஹெஸ்டரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எழுந்திருக்கப் போனாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டில் இருந்தது. எதிரே லேடி பிராம்லி விசிறியை மூடிவிட்டு வெளிப்படையாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்... இன்னிக்கு ஆடறதில்ல மிஸ்டர் லைல்.”

அந்தப் பையன் சட்டத்தை நினைக்கவில்லை. அவள் ஏற்கெனவே வேறு ஒருவரை மறுத்திருப்பாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதமாக எண்ணி எண்ணிக் கற்ற கால்களைக் குனிந்து பார்த்தான்.

“சரி. நானே புரிஞ்சுக்கிட்டிருக்கணும்” என்றான். “விடைபெறத்தான் வந்தேன்னு வச்சுக்குங்க. இன்னிக்கு ராத்திரி தபால் வண்டில ஃபால்மத் போறேன். அங்கேர்ந்து கப்பல். லிஸ்பன் தூதரகத்துல வேலை போட்டிருக்காங்க. மூணு வருஷம்.”

“லிஸ்பனா? ஆரஞ்சு ரொம்ப நல்லா இருக்குமாம்” என்றாள் அம்மா.

அவன் அம்மாவுக்கும் வணங்கினான், எனக்கும் வணங்கினான், பிரபுவுக்கும் வணங்கினான். பிறகு கூடாரத்தை விட்டு இறங்கிப் படகுத்துறையை நோக்கிப் புல்வெளியில் நடந்தான். ஹெஸ்டர் அழவில்லை. ஆடப் போகும் ஜோடிகளைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் விசிறியின் ஒரு குச்சி ஒடிந்தது எனக்குக் கேட்டது.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டில் கோபம்தான் எனக்குச் சுலபம். கிடைத்த ஆள் மீது பாய்ந்தேன், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

“எல்லாம் உங்களாலதான் பிரபு.”

“நான் என்ன பண்ணினேன்?”

“அவளை ஆடக் கூப்பிட்டீங்க.”

“அது மரியாதைக்குக் கூப்பிட்டது.”

“உங்க மரியாதையால என் தங்கச்சி வாழ்க்கை அதோ படகுத்துறைக்குப் போயிட்டு இருக்கு. பார்த்துக்குங்க, நல்லாப் பார்த்துக்குங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். புல்வெளியைப் பார்த்தார், பிறகு ஹெஸ்டரைப் பார்த்தார். டர்னிப்பைப் பற்றி மட்டும்தான் அவருக்கு மூளை உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“அந்தப் பையனா?”

“அந்தப் பையன்தான்.”

“நல்ல பையன். போன மாசம் என் காலை மிதிச்சிட்டான். வீடு வரைக்கும் வந்து மன்னிப்புக் கேட்டான்.” என் பக்கம் குனிந்தார். “உங்க தங்கச்சி என்னை மாட்டேன்னு சொன்னது அவனுக்காகவா?”

“ஆமா. மனசு கஷ்டப்பட்டா மன்னிச்சுடுங்க. ஆனா ஆமா.”

“அப்பாடா” என்றார் வின்டர்போர்ன் பிரபு.

அந்த ‘அப்பாடா’வுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க எனக்கு நேரம் கொடுக்காமல் எழுந்தார். எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய முனகல் முனகினார். கூடாரத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

“மிஸ் ஹெஸ்டர், ரொம்ப நன்றிம்மா. முழங்கால் வலிக்குது, என் ஆட்டத்தை உட்கார்ந்தே கழிச்சிடலாமான்னு கேட்டேன். தட்டாம ஒத்துக்கிட்டீங்க. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு அப்படிச் செய்யும்? இப்போ வலி தேவலை. என்னால நீங்க அடுத்த ஆட்டத்தையும் விடக் கூடாது.”

ஹெஸ்டரின் வாய் திறந்தது. நான் அவள் காலை மிதித்தேன். வாய் மூடியது.

லேடி பிராம்லி இரண்டு அடி முன்னால் வந்தாள். “ஹெஸ்டர் ஆட மாட்டேன்னு சொன்னதை என் காதாலயே கேட்டேனே பிரபு.”

“நின்னு ஆட மாட்டேன்னு சொல்லியிருப்பாங்க. உட்கார்ந்து ஆட ஒத்துக்கிட்டாங்க. ஆட்டம் முழுக்க நாங்க இதே பெஞ்சில உட்கார்ந்திருந்தோம். நீங்களே பார்த்தீங்களே லேடி பிராம்லி.”

அவள் பார்த்திருந்தாள். எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதற்கு மேல் பேசினால் ஒரு பிரபுவின் வார்த்தையைப் பொய் என்று சொன்னதாகும். எங்களிடம் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு: விடியற்காலை, ஈரப் புல், நேருக்கு நேர் இரண்டு துப்பாக்கி. பெண் சொன்ன வார்த்தைக்கு அவள் புருஷன் போய் நிற்க வேண்டும். லேடி பிராம்லியின் கணவர் பனி பட்டாலே தும்முபவர். அவள் விசிறியை விரித்து, “ரொம்ப சந்தோஷம். பிள்ளைகள் ஆடினாத்தானே அழகு” என்றாள்.

அம்மா எதையோ சொல்லத் தொடங்கி, லேடி பிராம்லியைப் பார்த்துவிட்டு அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டாள்.

ஆனால் ஜாஸ்பர் அதற்குள் படகில் ஒரு காலை வைத்துவிட்டான். புல்வெளி நீளமானது. ஓடிப் போய்க் கூப்பிட ஒரு பெண்ணால் முடியாது. பிரபு கூடாரத்தின் வாசலுக்குப் போய் நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

“லைல்!”

வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் அன்னங்கள் எழுந்து பறந்தன. அக்கரையில் ஒரு நாய் குரைத்தது. தெற்கு வயல் வரைக்கும் போகும் குரலைப் பற்றி நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்று அந்தக் குரலுக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

“எங்கய்யா போறீங்க? இங்க உங்களுக்கு ஒரு ஆட்டம் இருக்கு!”

ஜாஸ்பரின் ஒரு கால் படகில், ஒரு கால் துறையில். படகு நகர்ந்தது. எங்களுக்கெல்லாம் மூச்சு நின்றது. அந்தப் பிரெஞ்சுக்காரர் வாழ்க, அவன் விழாமல் ஒரு துள்ளுத் துள்ளிக் கரைக்கு வந்தான். பிறகு ஓடினான். தொப்பி பின்னால் விழுந்தது. எடுக்கத் திரும்பவில்லை.

ஹெஸ்டர் எழுந்து நின்று கையை நீட்டினாள். அம்மாவின் கையில் மிச்சம் இருந்தது அவளுடைய ஒடிந்த விசிறி மட்டும்தான்.

நாட்டுப்புற ஆட்டம் அது, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நான் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தேன். ஜாஸ்பரின் உதடு விடாமல் அசைந்தது. “கேட்டுட்டான், கேட்டுட்டான்” என்று, திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரபுவின் கையைப் பிடித்துவிட்டேன்.

“இல்ல, எண்ணிட்டிருக்கான்” என்றார் அவர். “ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு.”

உண்மைதான். வரிசையின் மேல் கோடியிலிருந்து நடு வரைக்கும் அவன் எண்ணிக்கொண்டே வந்தான். யாரையும் மிதிக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆட்டம் பாதி முடிந்துவிட்டது. பேசினால் எண்ணிக்கை தவறும், எண்ணினால் பேச முடியாது. மடையா, மிதித்தால் மிதித்துத் தொலை, வாயைத் திற என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

நடுவில், ஜோடி கைகோத்துச் சுற்றும் இடத்தில், அவன் நின்றுவிட்டான். சும்மா நின்றுவிட்டான். எண்ணுவதும் நின்றது. பின்னால் வந்த கர்னல் அவன் முதுகில் மோதினார். கர்னல்மீது அவர் ஜோடி மோதினாள். வரிசை முழுவதும் சரம் சரமாக இடித்துக்கொண்டு நின்றது. நடுவில் ஜாஸ்பர் ஹெஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். நீளமாக ஒன்றும் இல்லை. அவள் தலையாட்டினாள். அவனுக்குப் போதவில்லை போலிருக்கிறது. மறுபடி தலையாட்டினாள், மறுபடியும் மறுபடியும், தலையில் குத்தியிருந்த ரோஜா கழன்று கர்னலின் காலடியில் விழும்வரை. இரண்டு பேரும் சிரித்தார்கள். இடி வாங்கிய கர்னலும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்.

“லிஸ்பன்” என்றாள் அம்மா, யாரோ செத்துப்போன குரலில்.

“ஆரஞ்சு நல்லா இருக்கும்மா” என்றேன்.

அம்மா என்னைச் சுட்டுவிடுவது போல் பார்த்துவிட்டு, செய்தியை மற்றவர்கள் சொல்வதற்குள் தானே பெருமையாகச் சொல்லிவிட லேடி பிராம்லியிடம் விரைந்தாள். அம்மாவிடம் அந்தத் திறமை உண்டு. அப்பாவைப் பற்றிக் கவலையே இல்லை. நாய்களை மிதிக்காத எவனுக்கும் அவர் பெண் கொடுப்பார். ஜாஸ்பருக்கு இப்போது அந்தத் தகுதியும் வந்துவிட்டது.

பெஞ்சில் நானும் பிரபுவும் மட்டும் இருந்தோம். அவர் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. விட்டேன்.

“உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன் பிரபு. உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பொண்ணை...”

“எனக்கா? எனக்கு யார் சொன்னது?”

“பின்ன, ஏப்ரல்லேர்ந்து எதுக்கு இந்த பெஞ்சுக்கு வந்தீங்க?”

அவர் எழுந்து, கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து நின்று வணங்கினார்.

“லேடி ஃபென்விக், அடுத்த ஆட்டம் என்னோட ஆடுவீங்களா?”

“உங்க முழங்கால்?”

“அது பொறந்ததிலேர்ந்து நல்லாத்தான் இருக்கு.” காதெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு. “யோசிச்சுப் பதில் சொல்லுங்க. சரின்னு சொன்னா ஒரு ஆட்டம்தான் கிடைக்கும். நீங்க எழுந்து ஆடறதை எல்லாரும் பார்த்துடுவாங்க. அப்புறம் வேற எவனாவது வந்து கூட்டிட்டுப் போவான். மாட்டேன்னு சொல்லிட்டா, சட்டம் தெரியுமே உங்களுக்கு. விருந்து முடியறவரைக்கும் இந்த பெஞ்சை விட்டு நகர முடியாது. நானும் வேற யாரையும் கூப்பிடறதா இல்ல.”

மடியில் தட்டு இருந்தது. பாலாடை இல்லாத ஸ்ட்ராபெரி. போன வாரம் எலுமிச்சை ஐஸ், அதிலும் பாலாடை இல்லை. அதற்கு முன் என்ன? இஞ்சி பிஸ்கட். லண்டன் முழுவதும் அவர் ஹெஸ்டரோடு எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதைத்தான் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று, எல்லாரையும் பார்க்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. நாலு வருஷமாக அடங்கிக் கிடந்த என் நெஞ்சு அடித்த அடியில் தட்டு விழுந்துவிடுமோ என்று பயந்தேன். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

“மாட்டேன்” என்றேன்.

வின்டர்போர்ன் பிரபு முகம் முழுக்கச் சிரித்தார். “நன்றி” என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது.

அம்மா பறந்து வந்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“அகஸ்டா, பிரபு உன்னை ஆடக் கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டார்ம்மா.”

“நீ என்ன சொன்ன?”

“மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

அம்மா கையிலிருந்த ஒடிந்த விசிறியால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். “ஒரே நாள்ல. ஒரே மனுஷரை. நான் பெத்த ரெண்டும்.”

“கவலைப்படாதீங்க லேடி டன்ஸ்டன். முதல் மாட்டேனை விட இது ரொம்ப நல்லா இருந்துது” என்றார் பிரபு.

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மடியில் இருந்த தட்டைப் பார்த்தாள். குடும்பம் முழுக்க வருகிறதா என்று அவர் கேட்டது அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வாயை உடையவள் ஒன்றும் பேசாமல், பூனை போல, வந்த வழியே திரும்பிப் போனாள்.

ஆற்றின்மேல் வெயில் இன்னும் நிறைய இருந்தது. விருந்து முடிய வெகு நேரம் ஆகும். ஒரு ஸ்ட்ராபெரியை நான் எடுத்துக்கொண்டு தட்டை அவர் பக்கம் நீட்டினேன்.

“சொல்லுங்க” என்றேன். “வடக்கு வயல்ல என்ன ஆச்சு?”